சோகத்துக்கு இடியோசை எதற்கு?

ஆசிரியர் அவர்கட்கு,

திருகோணமலையில் இப்போது திருவிழாப் பாடல், நினைவஞ்சலிப் பாடல், பாடசாலைக் கீதம் எல்லாமே வீட்டு அறைக்குள் ஒரு ஓர்கனும் கணினியும் வைத்துத் தயாராகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் துக்கம் வரவேண்டிய இடத்தில் இடியும் மழையும் வயலின் கூட்டமுமாகக் கொட்டிவிடுகிறார்கள். மெட்டுப் போடும் இளையோருக்காகச் சில குறிப்புகளை எழுதுகிறோம்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். நீண்ட கார்வை (சுரத்தை நிறுத்தி இழுப்பது) குறில் மேல் விழுந்தால் சொல்லே மாறிவிடும். 'மனம்' என்பதன் முதலெழுத்தை இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) இழுத்தால் காதில் விழுவது 'மானம்'. கேட்பவர் பொருளைத் தேடத் தொடங்கினாரென்றால் உருக்கம் போயிற்று. முதலெழுத்தைச் சட்டென்று விட்டு, 'னம்' மேல் இறங்கி, மகர ஒற்றை வாய்மூடி ஒலிக்கவிடுங்கள். வல்லின இரட்டிப்புக்கு வேறு பயன் உண்டு. 'விட்டுப் போனாயே' என்ற அடியில் 'ட்' மூச்சை அடைக்கிறது. அங்கே கால் அட்சரம் மௌனம் விட்டால் அதுவே விம்மல். அடைத்ததைப் பிறகு ஏகாரத்தில் திறந்துவிடலாம். ஒப்பாரி பாடுகிற பெண்கள் இதை யாரிடமும் படித்ததில்லை. சம்பந்தர் கோணேசர் மேல் பாடிய பதிகத்திலும் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாட்டுக்குப் பாட்டு நெடிலில் முடிவதால்தான் ஓதுவாருக்கு நின்று பாட இடம் கிடைக்கிறது.

அடுத்தது சுரம். முகாரி ராகத்தில் 'த' சுரம் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்தது), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்தது). வித்தியாசம் அரைச்சுரந்தான். ஒரே சொல்லை முதலில் ஏறுமுகத்திலும் மறுமுறை இறங்குமுகத்திலும் வைத்துப் பாருங்கள். காரணம் தெரியாமலே கேட்பவர் மனம் இறங்கும். கெடுப்பது பெரும்பாலும் ஓர்கன் காரர். சட்ஜம் ('ச') 'சி' கட்டையில் இருக்க, பாடகர் சுத்த தைவதத்துக்கு இறங்கும்போது அவர் 'எஃப் மேஜர்' கோர்ட்டை (சேர்த்து அழுத்தும் மூன்று சுரங்களை) பிடித்துக்கொண்டிருப்பார். அதற்குள் சதுஸ்ருதி தைவதம் இருக்கிறது. இரண்டும் மோத, கேட்பவர் பாடகர் பிசகிவிட்டார் என்று நினைப்பார். அந்த இடத்தில் சட்ஜம், பஞ்சமம் ('ப') மட்டும் போதும்.

தோடி ராகத்தின் காந்தாரத்தையும் ('க') கட்டையை அழுத்திப் பிடித்து எடுக்க முடியாது. அது ரிஷபத்துக்கும் ('ரி') மத்திமத்துக்கும் ('ம') இடையே அசைய வேண்டியது. ஓர்கனில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பென்ட் சில்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுர அளவில் வைத்துக் காந்தாரக் கட்டையை அழுத்தினால், கீழே ரிஷபமும் மேலே மத்திமமும் சரியாக எட்டும். கையால் சீரற்ற வேகத்தில் அசையுங்கள். மொடுலேஷன் சில்லில் வரும் அசைவு ஒரே சீரானது, கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) ஆகாது.

தாளத்தில் ஒன்றுதான். தயக்கம் சொல்லும் பல்லவியைச் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) எடுக்காமல் அரை அட்சரம் தள்ளி எடுங்கள். சரணத்தின் கடைசி அடிக்கு மிருதங்கத்தையோ தபேலாவையோ கூட்டாமல் நிறுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் கணினியில் அழித்துவிடுகிறவர்களும் உண்டு. சுருதியைத் திருத்தும் ஓட்டோடியூனின் ரீட்யூன் வேகத்தைப் பூச்சியத்தில் (அதுதான் மிக விரைவு) வைத்தால் கமகம் முழுவதும் படிக்கட்டாகிவிடும். வேகத்தைத் தளர்த்துங்கள், கமகமுள்ள அடிகளில் அணைத்தேவிடுங்கள். சுரங்களைத் தாளத்தோடு ஒட்டவைக்கும் குவான்டைஸை நூறு வீதத்தில் வைத்தால் தள்ளி எடுத்த எடுப்பும் சமத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது, அறுபது வீதம் காணும், பாடகரின் குரலில் அதுவும் வேண்டாம். மூச்சொலியை வெட்டி எறியாமல் சத்தத்தை மட்டும் குறையுங்கள். கடைசி அடிக்கு முன்னால் வருகிற மூச்சை அப்படியே விடுங்கள்.

இங்ஙனம்,
இசை ஆசிரியர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.