இணைப்புக்குப் பக்கத்திலேயே ‘விளம்பரம்’ என்று போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஒரு இணையதளம் ‘சிறந்த தையல் மிஷின்கள்’ என்று போட்டிருந்ததை நம்பி, அங்கிருந்த இணைப்பைத் தட்டி ஒன்று வாங்கினேன். லைனிங் வைத்துத் தைத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. அப்புறம்தான் பக்கத்தின் கடைசியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ‘இணைப்புகளுக்குக் கமிஷன் பெறுகிறோம்’ என்றிருந்ததைப் பார்த்தேன்.

கமிஷன் வாங்கட்டும், அவர்களுக்கும் பிழைப்பு வேண்டுமே. ஆனால் அதை விரல் வைக்கிற இடத்திலேயே, தமிழ்ப் பக்கமென்றால் தமிழிலேயே சொல்ல வேண்டும். காசு வாங்கிய இணைப்புகளுக்கென்று கூகுள் 2019-லேயே ‘ஸ்பான்சர்டு’ குறியீட்டைக் கொண்டுவந்தது. ஆனால் அது தேடுபொறிக்குத்தான் புரியும். படிக்கிறவர் கண்ணில் படாது. தளம் நடத்துபவர்கள் பழைய பக்கங்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை