மாமாவின் ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் படித்தேன். ஏறுகுடலில், அதாவது பெருங்குடலின் வலப்பக்கத்தில், புற்றுநோய்க் கட்டி, கல்லீரலுக்குப் பரவவில்லை, ஆபரேஷனுக்கு நான்கு வாரம் இருக்கிறது. "மாமா 72 கிலோ இருக்கிறார், உடம்புக்கு ஒன்றும் குறையில்லை" என்று எழுதியிருக்கிறாய். மூன்று மாதத்துக்கு முன் 78 இருந்தவர் அவர். ஆறு கிலோ இறங்கியும் தொப்பை அப்படியே இருக்கிறதென்றால், கரைந்தது பெரும்பாலும் தொடையும் தோளும்தான்.

எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே இதைப் பார்க்கலாம். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் மூன்றாவது எலும்பின் மட்டத்தில் ஒரு குறுக்குப் படத்தை எடுத்து, அதிலுள்ள தசைப் பரப்பைச் சதுர செ.மீ.யில் அளந்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பார்கள். அதிகம் புழங்கும் ஓர் அளவுகோலில், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 25-ஐத் தொட்ட ஆணுக்கு 53-க்குக் கீழே போனால் தசை குறைவு. அது மேற்கத்திய உடல்வாகை வைத்துப் போட்ட கணக்கு. நம்மவர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதே. தசைக்குள் கொழுப்பு ஏறியிருந்தால் படத்தில் கருத்துத் தெரியும், அதுவும் கெட்ட சேதிதான். கேட்டால் ஒழிய ரேடியாலஜி ரிப்போர்ட்டில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல். ஆசியர்களுக்கான வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் கால் பலம் போதாது. கைப்பிடி பலம் ஆணுக்கு 28 கிலோவாவது வேண்டும். அளக்கும் கருவி பிசியோதெரபி பிரிவில் இருக்கும்.

வட கலிபோர்னியாவில் முதல் மூன்று கட்டங்களில் இருந்த 3,262 குடல் புற்றுநோயாளிகளின் ஸ்கேன்களை அளந்தார்கள். 42 சதவீதத்தினருக்குத் தசை குறைவு. அவர்களுக்கு இறப்பு ஆபத்து 27 சதவீதம் கூடுதல். தசை குறைந்ததுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, நோய் கடுமையாக இருந்தாலும் தசை கரையும். ஆனால் 2023-ல் வந்த பல நாட்டு ஆய்வில், குடல் ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம் உடற்பயிற்சியும் புரதமும் கொடுத்துத் தயார்படுத்தியவர்களில் கடுமையான சிக்கல் 17 சதவீதம், மற்றவர்களில் 30. ஆயுள் கூடுமா என்பது வேறு கேள்வி. குடலை இணைத்த தையலில் கசிவு, நிமோனியா போன்றவற்றுக்கு இடம் கொடுக்காமல் வீடு திரும்புவதே இப்போதைக்குப் பெரிய லாபம்.

உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் மாமாவுக்கு ஒரு நாளைக்கு 90 கிராமாவது வேண்டும். வயதானவர்களுக்கு ஒரே வேளையில் கொட்டினால் பயனில்லை, வேளைக்கு 25 கிராம் வரவேண்டும். காலையில் இரண்டு முட்டை, இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால். பதினோரு மணிக்கு ஒரு கப் சுண்டல். மதியம் கையளவு மீன், பருப்பு, தயிர். இரவு தோசையோடு கோழியோ பனீரோ. கட்டி குடலை நெருக்கியிருந்தால் சுண்டலின் தோல் அடைத்துக்கொள்ளும். சர்ஜனிடம் கேட்டுவிட்டுக் கொடு, வேண்டாமென்றால் பாலும் பாசிப்பருப்பும் போதும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஹீமோகுளோபின் 9.2 என்று பார்த்தேன். வலப்பக்கக் கட்டி வெளியே தெரியாமல் இரத்தம் கசியவிடும். நரம்பு வழி இரும்புச்சத்து ஏற்றலாமா என்று இந்த வாரமே கேள். இரத்தம் குறைந்து மூச்சு வாங்குகிற ஆளை நடக்கச் சொல்லி என்ன பயன்? அதன்பின் தினமும் அரை மணி, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. மூச்சை அடக்கக்கூடாது, நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தணும்.

ஆபரேஷன் முடிந்ததும் சம்பந்தியம்மாவும் சொந்தக்காரர்களும் "அசையாமல் படுங்க" என்பார்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்ததில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிற்று. வலிமருந்தை நேரத்துக்குக் கேட்டு வாங்கிக் கொடு, வலியோடு யாரும் எழ மாட்டார்கள். ஆபரேஷன் அன்றே இரண்டு மணி நேரம் கட்டிலை விட்டு இறங்கியிருப்பது, மறுநாளிலிருந்து தினமும் ஆறு மணி நேரம் என்பதுதான் இலக்கு.

"க்ளுக்கோஸ் ஏறுதே, சாப்பாடு எதுக்கு" என்பார்கள். ஐந்து சதவீத பாட்டில் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரை, 170 கலோரி, புரதம் பூஜ்யம். அரிசிக் கஞ்சி ஒரு டம்ளரில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். சர்ஜன் வாய் வழியே கொடுக்கலாம் என்றதும் பால், மோர், முட்டை என்று போக வேண்டும்.

கீமோ வந்தால் அளவை உயரமும் எடையும் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். தசை குறைந்தவருக்கு அதே அளவில் பக்கவிளைவு கூடுதலாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வீடு திரும்பிய பிறகும் திங்கட்கிழமைதோறும் அதே தராசில் எடை பார், நாற்காலி நேரத்தையும் ஒரு நோட்டில் குறி. முதல் கீமோ ஓபிக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா