லகூனில் தூண்டில் போடுகிறவர்களுக்கும் ஒரு பலகை வேண்டும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் கழிவுநீரையும் ஆற்றங்கரையையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும், நகர மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உம்கேனி ஆறு கடலில் சேருகிற புளூ லகூன் என்ற கழிமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தூண்டில் போடுகிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் ஆத்லோன் பாலத்தடிக்கு வந்தால் எங்களைப் பார்க்கலாம். ஃபீனிக்ஸிலிருந்தும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் வருகிற நம்மவர்கள் பத்துப் பேர், குவாமாஷுவிலிருந்து வருகிற ஜூலு ஆட்கள் சிலர், எல்லாருக்கும் மூத்தவராக, நாங்கள் பாபா என்று கூப்பிடுகிற ஒரு பெரியவர். பொழுதுபோக்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குக் கிடைக்கிற மடவையும் கிரண்ட்டர் மீனும்தான் ராத்திரிக் குழம்பு. நான் கேட்கப்போவது முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

ஆற்றில் கழிவுநீர் கலந்துவிட்டால், அதை அன்றைக்கே, தூண்டில் போடுகிற இடத்திலேயே எங்களுக்குச் சொல்லுங்கள். இந்த மடல் அதற்காகத்தான்.

குளிப்பவர்களுக்குச் சொல்கிறீர்கள். கடற்கரைத் தண்ணீரை எடுத்து ஈ.கோலை என்ற மலக்கிருமி எவ்வளவு என்று பார்த்து, எந்தக் கரை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அறிவிக்கிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கழிவுநீர் இறைக்கும் நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் அதில் நாசமாயின. அப்புறம் மாதக்கணக்கில் கடற்கரைகள் மூடிக்கிடந்தன. சரிதான், மூடத்தான் வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் லகூன் கரையில் எங்கள் பக்கத்தில் நான் ஓர் எச்சரிக்கைப் பலகையும் பார்க்கவில்லை. கடலுக்கு அந்த அழுக்கு போனதே எங்கள் காலடி வழியாகத்தான். கடலில் குளிக்கிறவர் வாயில் போவது ஒரு மிடறு தண்ணீர். நாங்களோ அந்தத் தண்ணீரில் வளர்ந்த மீனைக் கையால் பிடித்து, செதில் சுரண்டி, குடல் எடுத்து, பிள்ளைகளின் சோற்றில் போடுகிறோம்.

மடவை எதைத் தின்னும் என்று எந்தத் தூண்டில்காரரைக் கேட்டாலும் சொல்வார். சேற்றை வாரி, அதிலுள்ள பாசியையும் மக்கிப்போனதையும் சலித்துத் தின்கிற மீன் அது. ஆற்றோடு வருவதில் பெரும்பகுதி வந்து படிவது இந்த லகூன் சேற்றில்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் அழுக்கை ம்சுண்டூசி ஆறு இனாண்டா அணைக்கு மேலேயே கொண்டுவந்து சேர்க்கிறது. அணைக்குக் கீழே வந்தால் நம் நகரத்தின் பங்கு. ஸ்பிரிங்ஃபீல்டில் பால்மியட் ஓடை, குவாரி ரோடு குடிசைகளைத் தாண்டி வந்து கலக்கிறது. அந்தக் குடிசை மக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒழுங்கான கழிப்பறையும் குப்பை வண்டியும் இல்லாத இடத்தில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? பெரிய வீடுகளின் கழிவும் இதே ஆற்றுக்குத்தான் வருகிறது. கரன்ட் போனால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் மேன்ஹோல் பொங்கும். பொங்கியது மழைநீர் வடிகாலில் இறங்கி நேரே ஆற்றுக்கு வந்துவிடும்.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். புளிக்குழம்பு நன்றாகக் கொதிக்கிறது, உண்மைதான். ஆனால் அறுக்கிற கையும் பலகையும் கத்தியும் கொதிப்பதில்லை. காரீயம் மாதிரி உலோகம் மீனுக்குள் சேர்ந்திருந்தால், எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. இந்தச் சேற்றில், இந்த மீனில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சோதித்துச் சொல்ல எங்களிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. உங்களால் முடியும்.

போன வருடம் என் பேரன் முதல் கிரண்ட்டரைப் பிடித்தான். சந்தோஷத்தில் துள்ளிய பையன் கையில் முதுகு முள் ஏறிவிட்டது. மூன்றே நாளில் வீக்கம் மணிக்கட்டுவரை வந்தது. டாக்டர் முதலில் கேட்டதே எந்தத் தண்ணீர் என்றுதான். நாங்கள் போயிருந்த அன்று காலையில் மேலே ஒரு மேன்ஹோல் பொங்கியிருந்தது என்பதைத் தெரிந்தவர் ஒருவர் ஒரு வாரம் கழித்துச் சொன்னார். ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். தண்ணீர்தான் தங்கள் வேலை, மீன் இல்லை என்றார்கள். அவர்கள் கொடுத்த இன்னொரு எண்ணில் கேட்டேன். மீன்தான் தங்கள் வேலை, தண்ணீர் இல்லை என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பையன் கை ஆறிவிட்டது. ஆனால் தண்ணீருக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர் இருந்தும், மீனைத் தின்கிற மனிதருக்கு ஒருவரும் இல்லையே என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

மீனுக்கு விதிகள் நிறைய இருக்கின்றன. உரிமம் வாங்க வேண்டும். ஷாட் மீன் 30 செ.மீ.க்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் கூடாது, அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தொடவே கூடாது. கிரண்ட்டர் என்றால் 40 செ.மீ., ஐந்து மீன். எல்லாம் நியாயமான விதிகள், நானும் மற்றவர்களைக் கடைப்பிடிக்கச் சொல்கிறேன். மீனைக் காப்பாற்ற இத்தனை அக்கறை எடுத்துக்கொள்கிற நாம், அதைத் தின்கிற குழந்தைக்கு ஒரு வரி எழுதி வைக்கக் கூடாதா? புரட்டாசியில் நம் வீடுகளில் மீன் ஏறாது. அந்த ஒரு மாதம்தான் என் மருமகள் நிம்மதியாகச் சமைக்கிறாள்.

இந்த ஆற்றுக்கும் நமக்கும் உள்ள உறவை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி பொங்கி, ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. அப்போது மாரிமுத்து படவாட்டனும் கூட இருந்த ஐந்து கரைவலை மீனவர்களும் அந்தச் சுழலுக்குள் படகை விட்டு, மறுபடி மறுபடி போய், 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 1976 வெள்ளத்தில் டின் டவுன் மறுபடி மூழ்கியபோது குடும்பங்கள் ஃபீனிக்ஸுக்கு மாற்றப்பட்டன. என் மனைவி வீட்டார் அப்படி வந்தவர்கள்தான். இந்த ஆறு அவர்கள் வீட்டை இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோனது என்று மாமியார் சொல்வார். ஆனாலும் கணவரின் அஸ்தியை இதே லகூனில்தான் கரைக்கச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, 'இங்கே மீன் பிடிக்கத் தடை' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ என்பதுதான் என் பயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் தாத்தா டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரித் தீவில் கரைவலை இழுத்தவர். கடற்படைக்கு இடம் வேண்டும் என்று தீவிலிருந்து கிளப்பினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்து ஃபின்லாண்ட்ஸில் போய்க் குடியேறினால், நிறம் பார்த்து மக்களைத் தனித்தனியாகக் குடிவைத்த குழுப் பகுதிச் சட்டம் அங்கேயும் வந்து கிளப்பியது. சாட்ஸ்வர்த்தில் கடலே தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். பிழைப்புக்காக மீன் பிடிக்கிறவர்களை இந்த நாட்டுச் சட்டம் கணக்கில் எடுத்ததே 1998-இல்தான். அவர்களைத் தண்ணீரிலிருந்து விரட்டுவது சுலபம். தண்ணீரைச் சுத்தம் செய்வதுதான் உங்கள் வேலை.

எங்கள் பக்கத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு மாலை, பிளாஸ்டிக் பை, பழைய சேலை எல்லாவற்றையும் அப்படியே ஆற்றில் விடுகிறோம். அவை பீச்வுட் அலையாத்திக் காட்டின் வேர்களில் போய்ச் சிக்கிக் கிடக்கின்றன. குஞ்சு மீன் ஒதுங்குகிற இடம் அது. இரை வாங்கி வருகிற பைகளையும் அறுந்த தூண்டில் நரம்பையும் கரையிலேயே போடுகிறவர்கள் எங்களில் உண்டு. கோயில்களில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், நம்மவர்கள் காது கொடுக்கிறார்கள். பூவும் பாலும் மட்டும் விட்டால் போதும் என்று ஐயர் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசினோம். ஆத்லோன் பாலத்தடியில் ஒன்று, எல்லிஸ் பிரவுன் பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மேலே கோனாட் பாலத்தில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி கொடி போதும். பச்சை என்றால் பிடிக்கலாம், தின்னலாம். மஞ்சள் என்றால் குடலையும் செவுளையும் எறிந்துவிட்டு நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும், சிப்பி எடுக்கக் கூடாது, ஏனென்றால் அது தண்ணீரை வடிகட்டியே வாழ்கிறது. சிவப்பு என்றால் அன்றைக்குத் தண்ணீரில் கை வைக்கவே வேண்டாம். கீழே ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழ் மட்டுமே வாசிக்கிற பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கான வரியை நானே எழுதித் தருகிறேன். மேன்ஹோல் பொங்கினால் போன் செய்ய ஒரே எண் போதும். கொடியை மாற்ற ஆள் இல்லை என்றால், அங்கே தினமும் நிற்கிற எங்களில் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். அதோடு வருடத்துக்கு இரண்டு தடவையாவது லகூன் மீனையும் சேற்றையும் சோதித்து, முடிவை அதே பலகையில் ஒட்டுங்கள்.

அடுத்த சனிக்கிழமையும் நாங்கள் ஐந்து மணிக்கு அங்கே இருப்போம். உங்களில் யாராவது ஒருவர் வாருங்கள். தூண்டில் நான் தருகிறேன். முதல் மீன் வந்ததும், அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று பாபா உங்களைத்தான் கேட்பார்.

இப்படிக்கு,
ஆத்லோன் பாலத்தடித் தூண்டில்காரன்