அந்தக் காபி ஜாடியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

நேரலை பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். எல்லாமே யூடியூப் வந்த பிறகுதான் ஆரம்பித்தது மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு வருத்தமாகிவிட்டது. எங்கள் செட்டுக்கு நேரலை என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு காபி ஜாடி.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் ரூம் பக்கத்தில் அந்த ஜாடி இருந்தது. வேறு மாடியிலிருந்து காபிக்காக இறங்கி வருகிறவர்களுக்குப் பாதி நாள் காலி ஜாடிதான் கிடைக்கும். அதனால் 1991இல் ஒரு கேமராவை அதற்கு நேராக வைத்து, இடத்தை விட்டு எழாமலே பார்த்துக்கொள்ள குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசரும் பால் யார்டெட்ஸ்கியும் புரோகிராம் எழுதினார்கள். கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு மூன்று தடவை மாறும், அவ்வளவுதான். 1993இல் அது இணையத்துக்கு வந்ததும் உலகமே பார்க்க ஆரம்பித்துவிட்டது. ராத்திரியிலும் ஜாடி தெரிய ஒரு விளக்கை எரியவிடுங்கள் என்று ஜப்பானிலிருந்து மெயில் போனதாம்!

நான் பார்த்தது 2000இல், எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில், மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து. தபால்தலை மாதிரி ஒரு சின்னப் படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும். ஜாடியில் பாதிக்குக் காபி இருந்தது, ரீஃப்ரெஷ் பண்ணினால் அதே பாதி, மறுபடி பண்ணினால் குறைந்திருந்தது. யாரோ இப்போதுதான் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார், இந்த நிமிஷம், அங்கே! அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது இன்னும் மறக்கவில்லை. லைக் போடு, சப்ஸ்கிரைப் பண்ணு என்று கேட்க அங்கே ஆள் கிடையாது, தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று அந்த ஜாடிக்குத் தெரியவும் தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

2001 ஆகஸ்ட் 22இல் நிறுத்திவிட்டார்கள். கேமரா அனுப்பிய கடைசிப் படத்தில் சுவிட்சை அணைக்கும் விரல்கள் தெரியும். அப்புறம் அந்த ஜாடியை ஈபே ஏலத்தில் ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் செய்தித்தளம் 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது.

1994இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் வைத்த ஃபாக்கேம் என்ற இணைய நேரலைக் கேமராவும் அந்தக் காலத்துச் சொத்துதான். 2019இல் மூடப்போகிறோம் என்றார்கள், ஜனங்கள் காட்டிய பாசத்தைப் பார்த்துப் பல்கலைக்கழகமே தொடர்ந்து நடத்துகிறோம் என்றது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

அடுத்த முறை நேரலை பற்றி எழுதும்போது அந்த ஜாடிக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள், முடிந்தால் அந்தக் கடைசிப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகர்,
திருநெல்வேலி