கல் கொட்டிய கரையில் உட்கார ஓர் இடம்

அனுப்புநர்:
திருவொற்றியூர்க் கடலோரக் குடியிருப்பாளர்கள்,
சென்னை – 600 019.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: வடசென்னைக் கடலோரத்தில் நடைமேடையும் இருக்கைகளும் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வாசலில் நின்றால் உப்புக்காற்று அடிக்கும் தெருக்களில் குடியிருக்கிறோம். ஆனால் கடலைப் பார்த்து உட்கார வேண்டுமென்றால் மெரினாவுக்குத்தான் பஸ் ஏறுகிறோம்.

19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டியபோது, நீரோட்டம் வடக்கே தள்ளிவரும் மணலை அதன் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. எங்கள் பக்கம் கரை அரித்தது. அரிப்பை நிறுத்தக் கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் போட்டார்கள். அந்தக் கற்களால்தான் வீடுகள் நிற்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லவில்லை.

என் அம்மாவுக்கு 74 வயது. கல் மேல் ஏற முடியாமல், அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். பிள்ளைகள் ஏறுகிறார்கள், பாசியில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே, கல் தடுப்பின் சாலைப் பக்கமாக, இடம் கிடைக்கும் பகுதிகளில் கைப்பிடியுடன் நடைமேடையும், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், சாய்ந்து உட்காரும் இருக்கைகளும் வேண்டும். மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது. அதனால்தான் அலைப் பக்கம் எதையும் கேட்கவில்லை. பூங்கா என்ற பெயரில் செயற்கை நீரூற்றும் செல்ஃபி எழுத்துகளும் வேண்டாம். கடலே போதும்.

படகு ஏற்றும் இடமும் வலை காயவைக்கும் இடமும் ஓர் அடி கூடக் குறையக் கூடாது. இடம் குறிக்கும் முன் மீனவ கிராமத்தாரை அழைத்துப் பேச வேண்டுகிறோம். அலைவாய்க்கரையில் எந்த இடத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, முக்கியமானது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்துதான் கடல் பக்கம் வர வேண்டும். நடப்பவர்களுக்கான சிக்னல் இல்லாமல் நடைமேடை மட்டும் அமைந்தால் அம்மா போன்றவர்களுக்குப் பயனில்லை. தேரடி மெட்ரோவில் இறங்கி வருபவர்களுக்கும் அந்தச் சிக்னல் உதவும்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தோடு சேர்த்து இதைப் பரிசீலித்து, முதலில் கள ஆய்வுக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும் அலுவலர்களை மாலை 5 மணிக்கு மேல் அனுப்பினால், எத்தனை பேர் கல் ஓரம் நிற்கிறார்கள் என்பதை நேரிலேயே பார்க்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்பாளர்கள் சார்பில்
(ஒப்பம்)

இணைப்பு: தெருவாரியாகக் கையொப்பங்கள்