யாருக்கு எந்த வேலைன்னு பாத்து வீட்டு வேலையக் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில்னு நம்ம மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும் புது வீடு எழும்பிட்டுதான் இருக்கு. அதுல பாதி கல்ஃப்ல கெடந்து கஷ்டப்பட்டு அனுப்புன காசு. ஆனா வேலைய யார்கிட்ட குடுக்கணும்னு வரும்போது சொந்தக்காரர் ஒருத்தர் குடுக்கற போன் நம்பரோட முடிஞ்சுருது. பிளான், கம்பிக் கணக்கு, கட்டறது, மேற்பார்வை எல்லாமே அந்த ஒரே ஆளு.

காம்பவுண்ட் சுவரு, பூச்சு வேலை, சின்ன ரிப்பேருன்னா நல்ல கொத்தனார் போதும், அதுக்கு இன்ஜினியர தேடி அலைய வேண்டாம். பழைய ஓட்டு வீட்டு மரக்கூரைய சரி பண்ண அனுபவமுள்ள ஆசாரிதான் வேணும். அறை எங்க, வெளிச்சம் எப்படி, ரெண்டு பருவமழையும் அடிக்கற நம்ம ஊர்ல சன்ஷேடு எவ்வளவு நீட்டணும்ங்கறதெல்லாம் ஆர்க்கிடெக்ட் பாக்கற விஷயம். 1972 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் கவுன்சில்ல பதிவு பண்ணவங்கதான் ஆர்க்கிடெக்ட்னு பேர் போட முடியும், அதனால பதிவு நம்பர கேளுங்க, 3டி படத்த பாத்து மயங்காதீங்க.

எனக்கு ரொம்ப பயமா இருக்கறது மாடி எடுக்கறதுதான். தரைத்தளத்துக்கு மட்டும்னு போட்ட அஸ்திவாரத்து மேல, மேஸ்திரி தாங்கும்னு சொன்னாருன்னு ஒரு மாடி ஏத்துறாங்க, அதுவும் வயல நெரப்புன மண்ணுல! இங்க முதல்ல வர வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அதாவது கட்டடம் பாரத்த தாங்குமான்னு கணக்கு போடறவர்; புதுசா கட்டறதா இருந்தா வானம் தோண்டறதுக்கு முன்னாடியே மண் டெஸ்ட். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்துல உப்புக்காத்து கம்பிய சீக்கிரம் துருப்புடிக்க வச்சிரும். நேரா கடல்காத்து படற கான்கிரீட்ல கம்பிக்கு வெளிய 45 மில்லிமீட்டர் கனத்துக்கு கான்கிரீட் மூடியிருக்கணும்னு (கவர்னு சொல்வாங்க) கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 456 சொல்லுது, இத வார்ப்பு அன்னைக்கு நின்னு பாக்க ஒரு ஆளு வேணும்ல.

அந்த ஆளு காண்டிராக்டர்கிட்ட சம்பளம் வாங்கறவரா இருக்கக் கூடாது. நீங்க காசு குடுத்து வச்ச ஆளா இருந்தாதான் கம்பி கொறைஞ்சா வேலைய நிறுத்தச் சொல்வாரு. அந்த பீஸ மிச்சம் புடிக்கறோம்னு நெனைக்கறாங்க, அப்புறம் சுவரு வெடிச்சா அத போல எத்தனையோ மடங்கு செலவாகுது.

2024ல தமிழ்நாட்டுல வந்த சுயசான்று முறைல, அதாவது விதிப்படிதான் கட்டறேன்னு வீட்டுக்காரரே சான்று குடுக்கற முறைல, 2500 சதுர அடிக்குள்ள உள்ள மனைல 3500 சதுர அடி வரைக்கும் வீட்டுக்கு ஆன்லைன்லயே அனுமதி கிடைக்குது, நல்ல விஷயம்தான். ஆனா யாரும் வந்து இடத்த பாக்கறதில்ல, அந்த பேப்பர வச்சிட்டு வீடு உறுதியா இருக்கும்னு ஜனங்க நம்புறாங்க. அதனால பதிவு பெற்ற இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் பட்டியல மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆபீஸ் எல்லாத்துலயும் தமிழ்ல, யாருக்கு என்ன வேலைன்னு போட்டு போர்டுல ஒட்டணும்னு உங்க பத்திரிகை மூலமா மாவட்ட நிர்வாகத்த கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை