காதால் படிக்கவும் பழக்குங்கள்

ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பிக்கு வயது 38. வெள்ளியைக் கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிடுவான். நாலு வரி நோட்டீஸை எழுத்துக் கூட்டுவதற்குள் வியர்த்துவிடும். பள்ளியில் 'மக்கு' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அறிவு இருந்தும் எழுத்தை வாசிக்கத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா என்ற சொல்லே எங்களுக்குப் போன வருஷம்தான் தெரியும்.

இப்போது செல்போன் கேமராவில் பில்லைக் காட்டினால் தமிழில் வாசித்துச் சொல்கிறது. (அந்தக் குரல் கொஞ்சம் அவசரக்குடுக்கை, வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.) பதிலையும் வாயால் சொல்லியே போனை எழுத வைக்கிறான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் உண்டு. சட்டத்தின் அந்த வரையறையில் வயது வரம்பு கிடையாது. 15 வயதைக் கடந்தோருக்கான எழுத்தறிவு மையங்களில், ஏற்காடு மலைக் கிராமங்கள் வரை, இந்த வசதியைப் பழக்கிவிட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், சேலம்